துங்ரோ: மலேசிய வரிசைகளையும் தமிழ்நாட்டு வரிசைகளையும் ஒப்பிடுவது எப்படி?

#1 · ஈசூன்_இழைமம்

வணக்கம். நெல்லை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் துங்ரோ நோயின் வைரஸ்களில் உள்ள மரபணு வேறுபாடு பற்றி ஒரு ஒப்பீட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் மலேசியாவின் செகிஞ்சான், கெடா வயல் மாதிரிகள். மறுபக்கம் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே கிடக்கும் இந்திய, பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் மரபணு வரிசைகள். ஆய்வகம் சிங்கப்பூரில். நம்ம ஊரில் நெல் வயல் இல்லை என்பதால் இலை எல்லாமே எல்லை தாண்டித்தான் வர வேண்டும்.

இழையில் ஆர்டிபிவி என்றால் குச்சி வடிவ டிஎன்ஏ வைரஸ், ஆர்டிஎஸ்வி என்றால் உருண்டை ஆர்என்ஏ வைரஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால்தான் முழு துங்ரோ.

என் சந்தேகங்கள்:

வெளியான ஆர்டிபிவி வரிசைகளை வைத்து வம்சாவளி மரம் போட்டால் தெற்காசியா ஒரு கிளை, தென்கிழக்காசியா ஒரு கிளை என்று பளிச்சென்று பிரிகிறது. பயிர் ஒன்று, பூச்சி ஒன்று, நடுவே அரிசி வணிகம் நூற்றாண்டுகளாக நடக்கிறது. பிறகு ஏன் கலக்கவில்லை?

ஒரு மரபணுவை மட்டும் படித்தால் போதுமா, முழு மரபணுத்தொகுதியும் வேண்டுமா?

ஆர்டிபிவி மரமும் ஆர்டிஎஸ்வி மரமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

#2 · கிளைமரம்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

அரிசி வணிகத்தால் துங்ரோ பரவாது. விதை வழியாக இந்த இரண்டு வைரஸும் போவதில்லை. மூட்டையில் வரும் அரிசியில் உயிருள்ள தத்துப்பூச்சியும் இருக்காது. கப்பலை மறந்துவிடுங்கள். பூச்சி எவ்வளவு தூரம் பறக்கிறது, வைரஸை எத்தனை நாள் வாயில் வைத்திருக்கிறது என்ற இரண்டைப் பெருக்கினால் கிடைப்பதுதான் பரவும் தூரம்.

பச்சைத் தத்துப்பூச்சியில் (நெஃபோடெட்டிக்ஸ் வைரெசென்ஸ்) துங்ரோ வைரஸ் அரை நிலையானது. பூச்சியின் உடலுக்குள் பெருகாது, முட்டைக்குப் போகாது, தோல் உரித்தால் போய்விடும். தோல் உரிக்காத வளர்ந்த பூச்சியிலும் சில நாட்கள்தான் தங்கும். அந்தப் பூச்சி பெரும்பாலும் அக்கம்பக்கத்து வயல்களுக்குள்தான் சுற்றும். வங்காள விரிகுடாவைத் தாண்டும் பூச்சியில் தொற்று மிச்சம் இருக்காது.

இதோடு தெற்கத்திய நெல் கருங்கோட்டுக் குட்டை வைரஸை வைத்துப் பாருங்கள். 2001இல் குவாங்டொங்கில் கண்ணில் பட்டது, 2008இல் தனி இனமாகப் பெயர் பெற்றது, 2009, 2010க்குள் வியட்நாம், தென்சீனா முழுக்கப் பரவி ஜப்பான் வரை போய்விட்டது. அதைக் கடத்துவது வெண்முதுகுத் தத்துப்பூச்சி. வைரஸ் பூச்சிக்குள்ளேயே பெருகி ஆயுள் முழுக்க இருக்கும். பூச்சியோ வசந்தகாலக் காற்றில் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். விளைவு, வியட்நாம் வரிசையும் சீன வரிசையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அங்கே மரம் போட்டால் புவியியல் தெரியாது. துங்ரோவில் தெரியும். காரணம் இவ்வளவுதான்.

#3 · நாற்றங்கால்

கிளைமரம் சொன்னதில் ஒரு திருத்தம். “பெருக்கினால்” என்பது பூச்சிக்கு மட்டும்தான் பொருந்தும். ஆப்பிரிக்காவின் நெல் மஞ்சள் தேமல் வைரஸை அந்தக் கணக்கில் அடக்க முடியாது. 1966இல் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரை மாவட்டத்தில் முதலில் பதிவானது. வண்டுகள் கடத்தும், ஆனால் வண்டு மட்டுமல்ல. கதிர் அறுக்கும் கை, மேயும் மாடு, எலி, நாற்றுப் பிடுங்கும்போது படும் சாறு, எல்லாமே கடத்தும். அங்கே மரபணு வேறுபாடு கிழக்கில் மிக அதிகம். தான்சானியாவின் கிழக்கு மலைத்தொடரை ஒட்டி உச்சம். மேற்கே போகப் போகக் குறைகிறது. கிழக்கில் தோன்றி மேற்கே போனதற்கு அந்தச் சரிவே சாட்சி. அங்கே தேதியிட்ட மாதிரிகள் ஏராளம், அதனால் காலக்கணக்கும் போட முடிந்தது. பொது மூதாதை சுமார் 200 ஆண்டுக்குள் என்று வந்தது. ஆப்பிரிக்காவில் நெல் சாகுபடி விரிந்த காலத்தோடு அது பொருந்துகிறது.

துங்ரோவுக்கு அப்படிப்பட்ட மாதிரித் தொகுப்பு இல்லை. அதைப் போல ஒரு காலக்கணக்கு படம் போட ஆசைப்பட வேண்டாம் தம்பி.

#4 · ஜெல்பட்டை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே மரபணு போதாது, ஆனால் முதல் நாளே முழுத்தொகுதிக்குப் போகவும் வேண்டாம். சலித்தெடுக்க ஒரு மலிவான வழி இருக்கு.

ஆர்டிபிவியின் தொகுதி வட்ட வடிவம், சுமார் 8,000 பேஸ் (டிஎன்ஏ எழுத்து). நான்கு ஓஆர்எஃப் (புரதம் எழுதும் பகுதி). நான்காவது முடிந்து முதலாவது ஆரம்பிப்பதற்கு நடுவே உள்ள புரதமில்லாப் பகுதியில் தெற்காசிய வரிசைகளில் 64 பேஸ் காணாமல் போயிருக்கும். தென்கிழக்காசிய வரிசைகளில் இருக்கும். அதன் இரு பக்கமும் மாறாத இடத்தில் பிரைமர் (பிசிஆரில் பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ) வைத்து, தென்கிழக்காசிய வகையில் 400 பேஸ் வருகிற மாதிரி அமைத்தால் தெற்காசிய வகையில் 336 வரும். 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் 100 பேஸ் ஏணியோடு (நீளம் காட்டும் அளவுகோல்) ஓட்டினால் கண்ணால் பிரிக்கலாம். 1 சதவீத ஜெல்லில் ஓட்டாதீங்க, இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஜெல்லின் ஒரே கிணற்றில் (மாதிரி ஊற்றும் குழியில்) இரண்டு பட்டையும் வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். கலப்புத் தொற்றாகவும் இருக்கலாம், பக்கத்துக் கிணற்றிலிருந்து சிந்தியதாகவும் இருக்கலாம். இலையிலிருந்து மறுபடி டிஎன்ஏ எடுத்து ஓட்டணும். பழைய டிஎன்ஏவில் மறுபடி பிசிஆர் போடுவது அத்தாட்சி ஆகாது.

இன்னொரு பெரிய குழி: நெல்லின் குரோமோசோமிலேயே ஆர்டிபிவி மாதிரியான துண்டுகள் பதிந்து கிடக்கு. 2004இலேயே வெளியான விஷயம். ஜப்பானிகா வகையில் அதிகம், இண்டிகாவிலும் உண்டு. எதற்கும் பொருந்துகிற தளர்வான பிரைமர் போட்டால் நோயே இல்லாத செடியிலும் பட்டை வரும். அதை வரிசைப்படுத்தினால் மரத்தில் எங்கேயும் சேராத “புதுக் கிளை” ஒன்று முளைக்கும். அதனால், அதே ரகத்தின் நோயற்ற செடி ஒன்று ஒவ்வொரு தட்டிலும் ஓடணும். வயலில் எம்ஆர் 297 ரகம் என்றால் கட்டுப்பாட்டுச் செடியும் எம்ஆர் 297. ஆய்வகத்தில் கிடக்கிற நிப்பொன்பாரே என்ற ஜப்பானிகா ரக விதையை முளைக்க வைத்து அதைக் கட்டுப்பாடு என்று சொன்னால் அர்த்தமில்லை. நாற்றைப் பூச்சி புகாத வலைக்குள் வளர்த்திருக்கணும் என்பது சொல்லாமலே தெரியும்.

#5 · ஈசூன்_இழைமம்

நன்றி அக்கா. பதிந்து கிடக்கும் துண்டு விவகாரம் முழுத்தொகுதி வரிசைப்படுத்தும்போதும் வருமா?

#6 · ஜெல்பட்டை

வட்டத்தைச் சுற்றிப் பெருக்கும் முறைக்குப் போனால் பெருமளவு தப்பிக்கலாம். ஃபை29 நொதி வட்ட டிஎன்ஏவைத்தான் விரும்பிப் பெருக்கும். குரோமோசோமில் உள்ள நீள் துண்டு பின்தங்கிவிடும். 30 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம், பிறகு 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நொதியைச் செயலிழக்கச் செய்யணும். வந்ததைத் தொகுதியில் ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டினால் 8 கிலோபேஸ் அளவில் ஒரு பட்டை. எந்த நொதி என்பதை உங்கள் பகுதி வரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. இந்திய வரிசையில் ஒரு முறை வெட்டுவது மலேசிய வரிசையிலும் ஒரு முறைதான் வெட்டும் என்று உத்தரவாதம் இல்லை.

இதில் கெடுவது இரண்டு இடம். ஒன்று, பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் வட்ட டிஎன்ஏ இருக்கு. கண்டபடி ஒட்டும் ஆறு எழுத்துப் பிரைமர் மட்டும் போட்டால் அதுவும் சேர்ந்து பெருகி நீள்வரிசைக் கருவியின் பாதி ஓட்டத்தை விழுங்கிடும். வைரஸுக்கே உரிய சில பிரைமர்களைக் கலந்து போடுங்க. இரண்டாவது, ஃபை29 கொடுப்பது கிளை கிளையான டிஎன்ஏ. நானோபோர் வரிசைப்படுத்தும் கருவியில் ஏற்றும் முன் டி7 எண்டோநியூக்ளியேஸ் 1 வைத்துக் கிளைகளை வெட்டணும். இல்லாவிட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும், தலைகீழாக ஒட்டிய போலி வரிசைகளும் வரும்.

டிஎன்ஏ எடுக்க சிடிஏபி (செல்லைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) முறை போதும். சிடிஏபி 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், ஈடிடிஏ 20 மில்லிமோலார், டிரிஸ் (பிஎச் 8) 100 மில்லிமோலார், ஊற்றும் நேரத்தில் மெர்காப்டோஎத்தனால் 0.2 சதவீதம். 65 டிகிரியில் 30 நிமிடம், அதன்பின் குளோரோஃபார்ம் ஐசோஅமைல் 24:1. உலர்ந்த நெல் இலை 20 முதல் 30 மில்லிகிராம் தாராளம். அதிகம் போட்டால் சர்க்கரைப் பொருள் கூழாக வந்து பிசிஆரை அடைத்துவிடும். பலரும் “வைரஸ் இல்லை” என்று எழுதும் மாதிரிகளில் ஒரு பங்கு இப்படித்தான். பத்து மடங்கு நீர்த்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லுங்க.

#7 · கிளைமரம்

வரிசை கைக்கு வந்த பிறகு நடக்கும் கோளாறுகள்:

வட்டத் தொகுதிக்குத் தொடக்கம் என்று ஒன்று இல்லை. டிஆர்என்ஏ ஒட்டும் இடத்தை 1 என்று வைப்பது வழக்கம், ஆனால் தரவுத்தளத்தில் எல்லாரும் அப்படி வைத்ததில்லை. அடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குச் சுழற்றுங்கள். சுழற்றாமல் அடுக்கினால் இரு முனையிலும் பெரிய வெற்றிடம் வரும். மறுசேர்க்கை (இரண்டு வகை கலந்த தொகுதி) தேடும் மென்பொருள் அதைப் பார்த்துத் துள்ளும்.

ஓஆர்எஃப்1 வழக்கமான தொடக்கக் குறியான ஏடிஜியில் ஆரம்பிக்காது, ஏடிடியில் ஆரம்பிக்கும். தானாகக் குறிக்கும் மென்பொருள் ஏடிஜியைத் தேடிப்போய் அதை விட்டுவிடும், அல்லது பாதியில் வெட்டிவிடும். கையால் சரிபாருங்கள்.

ஓஆர்எஃப்3 ஒரு நீண்ட பாலிபுரதம். இடம்பெயர் புரதம், உறைப்புரதம், புரோட்டியேஸ், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் எல்லாம் அதில் அடக்கம். இந்த வைரஸ் பெருகுவதே ஆர்என்ஏ வழியாக, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை வைத்து. அந்த நொதி படிக்கிற படியை நடுவில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும். ஒரே செடியில் இரண்டு வகை இருந்தால் கலப்பு பிறக்க வாய்ப்பு எப்போதும் உண்டு. அதனால்தான் ஓஆர்எஃப்1 மரமும் ஓஆர்எஃப்3 மரமும் ஒன்றோடொன்று முரண்படலாம். முழுத்தொகுதி இல்லாமல் அந்த முரண்பாட்டை விளக்க முடியாது.

தொந்தரவு என்னவென்றால் பிசிஆரும் அதே வேலையைச் செய்யும். கலப்புத் தொற்று உள்ள மாதிரியில், பாதியில் நின்ற துண்டு அடுத்த சுற்றில் மற்ற வகை மீது ஒட்டி நீளும். ஜெல்லில் அழகாக ஒரே பட்டை. வரிசையில் “மறுசேர்க்கை”. இதைப் பிரித்தறிய:

சுற்றுகளை 25க்குள் வையுங்கள், நீட்டும் நேரத்தைக் கூட்டுங்கள், பிழை திருத்தும் பாலிமரேஸ் பயன்படுத்துங்கள். ஒரே இலையிலிருந்து தனித்தனியே இரண்டு பிசிஆர். முறியும் இடம் இரண்டிலும் அதே பேஸில் இருந்தால் நம்பலாம், நகர்ந்தால் போலி. மறுசேர்க்கை தேடும் ஆர்டிபி5 மென்பொருளில் ஏழு முறைகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் கத்தினால் கண்டுகொள்ள வேண்டாம், குறைந்தது நான்கு ஒப்புக்கொள்ளணும்.

“மலேசியா இரண்டு கிளைகளுக்கும் பாலம்” என்று தலைப்பு வைத்துவிட்டு ஆதாரம் தேடும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பாலம் இருக்கலாம். முதலில் பிசிஆர் கட்டிய பாலம் இல்லை என்று காட்டுங்கள்.

#8 · நாற்றங்கால்

இதுவரை பேசியது முழுக்க ஆர்டிபிவி. எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள், டிஎன்ஏ என்பதால் கையாள எளிது. பரவலைப் பற்றித்தான் கேள்வி என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்டிஎஸ்வி.

காரணம் சொல்கிறேன். ஆர்டிபிவி தனியாகத் தத்துப்பூச்சியில் ஏறாது. அதற்கு ஆர்டிஎஸ்வியின் உதவி வேண்டும். பூச்சி முதலில் ஆர்டிஎஸ்வி செடியில் உறிஞ்சி, பிறகு ஆர்டிபிவி மட்டும் உள்ள செடிக்குப் போனால் ஆர்டிபிவியைக் கடத்தும். வரிசை தலைகீழானால் கடத்தாது. ஆக, ஆர்டிபிவி பின்னிருக்கையில் போகும் பயணி. வண்டி ஆர்டிஎஸ்வி.

ஆனால் ஆர்டிஎஸ்வி மட்டும் தொற்றிய செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், கொஞ்சம் குட்டையாக இருந்தால் உண்டு. மஞ்சளும் ஆரஞ்சும் குட்டையும் தருவது ஆர்டிபிவி. இரண்டும் சேர்ந்தால் கடுமை. வயலில் இறங்கி மஞ்சள் செடியாகப் பார்த்துப் பறித்தால் உங்கள் பையில் இருப்பதெல்லாம் இரட்டைத் தொற்று. வண்டி எங்கெல்லாம் நிற்கிறது என்பது தெரியாமலே போய்விடும். நோய் வராத வயலில் ஆர்டிஎஸ்வி சத்தமின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே ஆர்டிபிவி வந்து சேரும் நாளில்தான் “திடீர் பரவல்” என்று பத்திரிகையில் வரும்.

மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே பதில். உதவி வைரஸை ஒரு செடியில், மற்றதை வேறு செடியில் என்று பூச்சி தனித்தனியாக எடுக்க முடியும்போது இரண்டு மரமும் ஒத்துப்போக எந்த அவசியமும் இல்லை. ஒத்துப்போனால்தான் ஏன் என்று கேட்கணும்.

#9 · கிளைமரம்

> பரவலைப் பற்றித்தான் கேள்வி என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்டிஎஸ்வி

சார், பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஆர்டிஎஸ்வி பகுதிக்குப் பகுதி ஆர்டிபிவி அளவுக்கு விலகவில்லை. அதை மட்டும் படித்தால் கெடாவையும் செகிஞ்சானையும் பிரிக்கும் அளவுக்குச் சமிக்ஞை கிடைக்குமா என்பது சந்தேகம். உறைப்புரத மரபணு ஒன்றை மட்டும் படித்தால் நிச்சயம் போதாது. பழைய வரலாற்றுக்கு ஆர்டிபிவிதான் நல்ல பதிவேடு.

#10 · நாற்றங்கால்

வரலாறு உங்களுக்கு வேண்டும். விவசாயிக்கு அடுத்த பருவம் என்ன ரகம் போடுவது என்பது வேண்டும். அதைத் தீர்மானிப்பது ஆர்டிஎஸ்வியின் வகை.

டிகேஎம் 6 ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் திரூர்குப்பத்து ரகம். பிலிப்பைன்ஸில் ஆர்டிஎஸ்வியின் ஏ வகையை அது தாங்கும். வீடி6 என்ற வகைக்கு விழுந்துவிடும். இரண்டும் ஒரே நாட்டிலேயே உள்ளவை. 1990களிலேயே உயிரியல் சோதனையில் பிரித்துக் காட்டினார்கள். மரத்தில் இரண்டும் அருகருகே உட்கார்ந்திருக்கலாம், வயலில் வேறு வேறு நடத்தை. இதைத் தெரிந்துகொள்ள வரிசை மட்டும் போதாது, பூச்சியை வைத்துக் கடத்திப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. பல பழைய ரகங்களின் “துங்ரோ எதிர்ப்பு” உண்மையில் தத்துப்பூச்சி எதிர்ப்பு. பூச்சி அந்த ரகத்துக்குச் சில பருவங்களில் பழகிக்கொண்டதும் எதிர்ப்பு போய்விடும், வைரஸ் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதை “புது வைரஸ் வகை வந்துவிட்டது” என்று எழுதுவது வழக்கமான தவறு. இந்தோனேசியாவின் உத்ரி மேரா ரகத்தில் இருப்பது வேறு. ஆர்டிஎஸ்விக்கு எதிரான டிஎஸ்வி1 மரபணு, ஏழாவது குரோமோசோமில். அது இஐஎஃப்4ஜி என்ற, செடியில் புரத உற்பத்தியைத் தொடங்கும் காரணியின் மாற்றுவடிவம், 1060ஆவது அமினோ அமிலத்தை ஒட்டி மாறியிருக்கும். 2010இல் உறுதியானது.

ஆப்பிரிக்காவிலும் இதே குடும்பக் கதைதான். மஞ்சள் தேமலுக்கு எதிரான ஆர்ஒய்எம்வி1 மரபணு இஐஎஃப் ஐசோ 4ஜி1 என்ற அதே வகைக் காரணி. அங்கே வைரஸ் ஆர்என்ஏவின் முனையில் ஒட்டியிருக்கும் விபிஜி புரதத்தில் 48, 49ஆவது இடங்களில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே சில எதிர்ப்பு வடிவங்கள் உடைந்துவிடும். 49ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பது வைரஸின் பகுதிக் கிளையோடு சேர்ந்தே போகிறது. ஆகவே எந்த ஊரில் எந்த எதிர்ப்பு மரபணு நிற்கும் என்று வரிசையைப் பார்த்தே ஓரளவு சொல்ல முடிகிறது. துங்ரோவுக்கு அந்த அளவு துல்லியம் வேண்டுமானால் ஆர்டிஎஸ்வியைத்தான் அப்படித் தோண்ட வேண்டும்.

#11 · ஜெல்பட்டை

சார் சொல்வது சரி, ஆனால் ஆர்டிஎஸ்வி என்றால் வயல் வேலை மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஆர்என்ஏ, 12,000 பேஸுக்கு மேல், வால் பகுதியில் பாலி ஏ. இலையை சிலிக்கா ஜெல்லில் உலர்த்தினால் ஆர்டிபிவிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆர்டிஎஸ்விக்கு, மெதுவாக உலர்ந்தால் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும். சிறு துண்டு பிசிஆர் வரும், முழுத்தொகுதி வராது. ஒவ்வொரு செடியிலும் இரண்டு பை: ஒன்று சிலிக்கா, ஒன்று ஆர்என்ஏ காக்கும் திரவம். திரவத்தில் போடும் இலையை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்க. நெல் இலையின் மேல் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் முழுசாகப் போட்டால் திரவம் உள்ளே இறங்காது.

எந்த இலை? மேலிருந்து இரண்டாவது, நடு நரம்போடு. இரண்டு வைரஸும் சாற்றுக்குழாயைச் சுற்றித்தான் இருக்கும், ஓரத்தை மட்டும் கிள்ளினால் அளவு குறையும். காய்ந்த நுனி வேண்டாம்.

சிலிக்கா ஜெல் இலை எடையைப் போல் பத்து மடங்கு. நிறம் மாறினதும் மாற்றணும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் பையை மேசையில் திறந்து வைத்துவிட்டு காப்பி குடிக்கப் போனால் அன்றைக்கே ஜெல் நிறம் மாறிவிடும்.

#12 · நாற்றங்கால்

வயலில் எப்படிப் பொறுக்குவது என்பது இன்னும் பேசப்படவில்லை.

ஒரே மஞ்சள் திட்டில் இருபது செடி எடுத்தால் அது இருபது மாதிரி அல்ல. ஒரு பூச்சி வந்து இறங்கிய இடத்திலிருந்து சுற்றிப் பரவியதன் இருபது நகல். அடுக்கடுக்காக எடுங்கள்: ஒரே தூரில் இரண்டு கிளை, ஒரே திட்டில் இரண்டு தூர், வயலின் வேறு வேறு திட்டு, பிறகு வேறு வயல். எந்த அடுக்கில் வேறுபாடு ஏறுகிறது என்று பார்த்தால்தான் பரவும் தூரம் தெரியும். ஒவ்வொரு மஞ்சள் திட்டுக்கும் சமமாக, நோய்க்குறி இல்லாத செடிகளும் வேண்டும். அறுவடைக்குப் பின் துளிர்த்த மறுதாம்பு, தானாக முளைத்த நெல், வரப்புப் புல் ஆகியவையும் சேரட்டும். அடுத்த பருவத்துக்கு வைரஸ் காத்திருக்கும் இடம் மறுதாம்புதான்.

நடவுத் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து வயல்கள் வெவ்வேறு வாரத்தில் நட்டிருந்தால் பூச்சி முதிர்ந்த பயிரிலிருந்து இளம் பயிருக்கு மாறிக்கொண்டே இருக்கும், வைரஸுக்கு இடைவெளி கிடைக்காது. தெற்கு சுலாவேசியில் 1980களில் நடவுக் காலத்தை ஒழுங்குபடுத்தி, ரகத்தைச் சுழற்றியே துங்ரோவை அடக்கினார்கள். வரிசைத் தரவில் இந்தத் தகவல் இல்லாவிட்டால் ஒரே வயலில் இரண்டு வகை ஏன் என்பதற்கு விளக்கம் கிடைக்காது.

மஞ்சளாக இருப்பதெல்லாம் துங்ரோவும் அல்ல. துத்தநாகக் குறை, தழைச்சத்துக் குறை இரண்டும் ஏமாற்றும். வயலிலேயே ஒரு சலிப்புக்கு அயோடின் சோதனை இருக்கிறது: அயோடின் 2 கிராம், பொட்டாசியம் அயோடைடு 6 கிராம், தண்ணீர் 100 மில்லி. இலை நுனியில் 10 சென்டிமீட்டர் வெட்டி 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால், துங்ரோ இலையில் கருநீலக் கோடுகள் தெரியும். காலை ஆறு மணிக்கு முன் வெட்ட வேண்டும். நல்ல இலையில் பகலில் சேர்ந்த மாவுச்சத்து இரவில் கீழே இறங்கிவிடும், நோயுற்ற இலையில் தேங்கி நிற்கும். வெயில் ஏறிய பின் வெட்டினால் நல்ல இலையும் நீலம் காட்டும். இது வைரஸைக் காட்டும் சோதனை அல்ல, எதை பைக்குள் போடுவது என்று முடிவெடுக்க மட்டும். நோய்க்குறி இல்லாத ஆர்டிஎஸ்விச் செடியை இதை நம்பித் தள்ளிவிடாதீர்கள்.

#13 · வூட்லண்ட்ஸ்_வாசி

யாரும் அனுமதி பற்றிப் பேசவில்லையே.

சிங்கப்பூருக்குள் நோயுற்ற இலை கொண்டுவர என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) அனுமதி வேண்டும். 2019இல் ஏவிஏ (வேளாண் உணவு, கால்நடை ஆணையம்) கலைக்கப்பட்டதிலிருந்து செடி சம்பந்தப்பட்டது எல்லாம் அங்கேதான். உலர்ந்த இலைதானே என்று பையில் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடியைத் தாண்டுவது சட்டமீறல். பிறகு கட்டுரையில் மாதிரியின் மூலம் எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் 795ஆம் சட்டம், உயிரியல் வளப் பயன்பாடு பற்றியது, 2020 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கு. உள்ளூர் ஆய்வு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. தமிழ்நாட்டிலிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், தேசிய உயிரியல் பன்மை ஆணையம். அலுவலகம் சென்னையிலேயே.

நடைமுறையில் சுலபமான வழி: டிஎன்ஏ, ஆர்என்ஏ எடுப்பதை அங்குள்ள ஆய்வகத்திலேயே முடித்து, ஆர்என்ஏவை சிடிஎன்ஏவாக (டிஎன்ஏ நகலாக) மாற்றி, குழாயில் கொண்டுவருவது. தொற்றும் திறன் உள்ள எதுவும் எல்லை தாண்டாது. ஆனால் 795க்கான அனுமதி அதற்கும் தேவை, அதில் குழப்பம் வேண்டாம்.

#14 · ஈசூன்_இழைமம்

அப்படியானால் சார் சொன்ன பூச்சிவழிக் கடத்தல் சோதனை இங்கே நடக்காது, இல்லையா?

#15 · நாற்றங்கால்

உயிருள்ள தத்துப்பூச்சியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம். அதைப் பங்குதாரர் நிலையத்தில் வையுங்கள். முறை கடினமல்ல: வைரஸ் இல்லாத கூட்டத்திலிருந்து வளர்ந்த பூச்சி, நோய்ச் செடியில் ஒன்றிரண்டு நாள், பிறகு சோதனைக் குழாயில் ஒரு நாற்றுக்கு இரண்டு மூன்று பூச்சி, ஒரு இரவு. நாற்று 7 முதல் 10 நாள் வயது. ஒப்பீட்டுக்கு எளிதில் நோய் பிடிக்கும் தைச்சுங் நேட்டிவ் 1 ரகம், அதோடு டிகேஎம் 6, உத்ரி மேரா. நோய்க்குறி இரண்டு வாரத்தில் தெரியும், ஆனால் கண்ணை நம்பாமல் இரண்டு வைரஸுக்கும் தனித்தனியே பிசிஆர் போடுங்கள். டிகேஎம் 6இல் ஆர்டிஎஸ்வி ஏறினால் வீடி6 போன்ற நடத்தை என்று சந்தேகிக்கலாம்.

ஆர்டிபிவியை மட்டும் பார்க்க வேண்டுமானால் பூச்சியே தேவையில்லை. அக்ரோபாக்டீரியம் வழியாக நகலெடுத்த தொகுதியைச் செடிக்குள் செலுத்தலாம், 1991இலிருந்து உள்ள முறை. உயிர்ப்பாதுகாப்பு அனுமதி தனி.

#16 · கிளைமரம்

மரம் போடும் கட்டத்துக்கு இரண்டு எச்சரிக்கை, பிறகு விடுகிறேன்.

தரவுத்தளத்தில் உள்ள தேதி பல நேரம் பதிவேற்றிய தேதி, பறித்த தேதி அல்ல. பிலிப்பைன்ஸின் பழைய மாதிரி வகைகள் கண்ணாடிக் கூடத்தில் செடிக்குச் செடி மாற்றி வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கு வயல் தேதி போட்டுக் காலக்கணக்கு செய்தால் வரும் வேகம் அர்த்தமற்றது. காலக்கணக்கு போடும் பீஸ்ட் மென்பொருளைத் திறக்கும் முன் டெம்ப்எஸ்ட் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். வேரிலிருந்து உள்ள தூரம் காலத்தோடு ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஐக்யூ-ட்ரீ மென்பொருள் தரும் தேதியில்லாத மரம் போதும்.

நாட்டை ஒரு பண்பாக வைத்து “எங்கிருந்து எங்கே போனது” என்று அம்புக்குறி போடும் முறை, எந்த நாட்டில் மாதிரி அதிகமோ அதைத் தொடக்க இடம் என்று சொல்லும் பழக்கம் உள்ளது. எண்ணிக்கையைச் சமப்படுத்திப் பல முறை ஓட்டுங்கள். அம்பு ஒவ்வொரு முறையும் திசை மாறினால் படத்தில் அம்பே வேண்டாம்.

#17 · ஈசூன்_இழைமம்

திட்டத்தை இப்படி மாற்றுகிறேன்: ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பை, நோய்க்குறி உள்ளதும் இல்லாததும் சமமாக. 64 பேஸ் சலிப்பு எல்லாவற்றுக்கும். ஆர்டிஎஸ்வி உறைப்புரதப் பகுதி எல்லாவற்றுக்கும். முழுத்தொகுதி தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும், இரண்டு வைரஸுக்கும். பிரித்தெடுப்பது அங்கே, வரிசைப்படுத்துவது இங்கே. காலக்கணக்கு இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். நோய்க்குறி இல்லாத செடியில் ஆர்டிபிவி மட்டும் வந்து ஆர்டிஎஸ்வி வராவிட்டால்?

#18 · ஜெல்பட்டை

முதலில் பதிந்து கிடக்கும் துண்டா என்று பாருங்க, ஃபை29 போட்டு 8 கிலோபேஸ் வருதா என்று. வந்தால், ஆர்என்ஏ பையில் நெல்லில் எப்போதும் இயங்கும் ஆக்டின் மரபணுவை ஓட்டுங்க. ஆக்டினும் வரவில்லை என்றால் ஆர்டிஎஸ்வி இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, ஆர்என்ஏ கெட்டிருக்கு. ஆக்டின் நன்றாக வந்து ஆர்டிஎஸ்வி மட்டும் வராவிட்டால் பிரைமர் ஒட்டும் இடம் மாறியிருக்கலாம், இன்னொரு ஜோடி போட்டுப் பாருங்க. அதுவும் இல்லை என்றால் சரி, உண்மையிலேயே தனி ஆர்டிபிவி. பூச்சி இரண்டையும் சுமந்து வந்தாலும் எல்லா நாற்றிலும் இரண்டும் பிடிப்பதில்லை. டிஎஸ்வி1 உள்ள ரகமா என்றும் விசாரிச்சுக்குங்க, அதில் இப்படி வருவது இயல்புதான்.